மாப்பிள்ளையின் காடிலாக்கில் முன் சீட்டு யாருக்கு?

மாப்பிள்ளை புதுசா காடிலாக் கார் வாங்கியிருக்கார். இன்னைக்குக் காலையில இந்த வெளிநாட்டுல, பேர்லேண்ட்ங்கிற ஊர்க் கோயில்ல வண்டிக்குப் பூஜை.

ஐயர் பொட்டு வச்சார், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சார், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ஃபோன்தான் எழுதுது. கார்களை முகப்புல இருக்கிற சின்னத்தை வச்சுத்தான் அடையாளம் பிடிப்பேன். பார்த்தது மறக்காது.

"போன வருஷம் தவறிப்போன சண்முகம் அண்ணனை ஏத்திட்டுப் போன கறுப்பு வண்டியிலயும் இதே கேடயச் சின்னம்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டேன்.

ஏறப்போன என் வீட்டுக்காரி, தூக்கின காலைக் கீழே வச்சுட்டா. "எனக்கு வேற வண்டி சொல்லுங்க."

மாப்பிள்ளை முகம் வாடிருச்சு. ஆசை ஆசையா வாங்கினவர். "அத்தை, நூறு வருஷத்துக்கு மேல பேர் வாங்கின கம்பெனி. இந்த நாட்டு ஜனாதிபதியே இதுலதான் போறார்."

"அவர் உட்கார்ந்து போறார். அண்ணன் படுத்துக்கிட்டுல்ல போனாரு?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்துட்டு அவளே கேட்டா: "அண்ணனை அதுல எங்க வச்சிருந்தாங்க?"

"பின்னாடி அத்தை. பின்னாடி மட்டும்தான்."

"அப்ப நான் முன்னாடி உட்கார்றேன். ஞாபகசக்திக்காரர் பின்னாடி வரட்டும்."

வீடு வரைக்கும், சீட்டுல குளுகுளுன்னு காத்து வருதுன்னு அவளுக்கு ஒரே பெருமை.

பின் சீட்டுல நான் முதுகைச் சாய்க்காம, நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன். நீங்களா இருந்தா சாய்ஞ்சிருப்பீங்களா?