அவுன்சிலிருந்து மில்லிக்கு

மருந்து கலக்குகிறவனுக்கு மனசு நடுங்கலாம், கை நடுங்கக் கூடாது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அளவே மாறியபோது எனக்கு இரண்டும் நடுங்கின. புது உத்தரவுக்கும் பழைய சாமானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு இந்தக் கம்பவுண்டரின் பாடு புரியும்.

உத்தரவு மட்டும் வந்தது

அவுன்சும் கிரெயினும் இனிக் கூடாது, மில்லியும் கிராமும்தான் என்று உத்தரவு வந்தது. புது அளவுக் கண்ணாடி வரவில்லை. டாக்டர் புது அளவில் எழுதுவார். நான் மனசுக்குள் மாற்றிப் பழைய கண்ணாடியில் ஊற்றுவேன். படுத்தால் ஒவ்வொரு நோயாளியின் முகமாக வந்து போகும். கண்ணாடி எப்போது வரும் என்று பெரிய டாக்டரைக் கேட்டேன்.

"வருமுங்க. அதுவரைக்கும் பழசையே புதுசுன்னு நெனச்சு ஊத்துங்க."

பொன்னுசாமி அண்ணன்

மூத்த கம்பவுண்டர் பொன்னுசாமி அண்ணனுக்கு இந்தப் பயமே கிடையாது. கண்ணாடியைத் தொடமாட்டார், எல்லாம் கண் அளவுதான். "புது அளவுல ஒருக்காப் பாத்துக்கலாமுங்களா அண்ணா?" என்றேன். எனக்குத்தான் ஏதோ வியாதி என்பதுபோல் பார்த்தார்.

"உத்தரவு மாறிப்போச்சு தம்பி. காய்ச்சல் இன்னும் அவுன்சுலதான் வருது."

பழைய பட்டை

அப்போதெல்லாம் சீசாவை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். அதன் பக்கத்தில் ஓரம் வெட்டிய காகிதப் பட்டை ஒட்டுவோம். ஒரு வெட்டு அளவுக்குக் குடித்தால் ஒரு வேளை. அளவு மாறியதும் பட்டையையும் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று.

ராமாத்தாள் என்ற பெண், கைக்குழந்தையின் வலிப்புக்கு மருந்து வாங்க வந்தாள். புருஷனின் பழைய இருமல் மருந்து சீசாவை உள்ளே மட்டும் கழுவி எடுத்து வந்திருந்தாள். நான் அளந்து ஊற்றினேன். பட்டைதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அண்ணன் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகுதான், குழந்தைக்கென்று நான் வெட்டிய புதுப் பட்டை மேஜையில் கிடப்பதைப் பார்த்தேன். அவள் கொண்டுபோனது பெரிய ஆளுக்கு வெட்டிய பட்டை. அதன்படி கொடுத்தால் குழந்தை தூங்கும், எழுந்திருக்காது.

காரமடை வழியில் ஒரு தோட்டத்தில் குடியிருப்பதாக டாக்டரிடம் அவள் சொன்னது நினைவிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு, ரங்கநாதா ரங்கநாதா என்று மிதித்தேன். குழந்தை தொட்டிலில் அசையாமல் கிடந்தது. எனக்கு உயிரே இல்லை. மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு சூடாக வந்தது. சீசா நிறைந்தபடியே மாடத்தில் இருந்தது. ஏனம்மா கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கண்ணாடியத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்க, வெரலை விட்டு எண்ணுனீங்க, கொட்டிப்போட்டு மறுக்கா ஊத்துனீங்க. உங்களுக்கே பயமா இருக்கற மருந்தை என்ற புள்ளைக்கு எப்படிங்க குடுக்கறது?"

பிறகு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைப் பார்த்து, எங்கள் ஆஸ்பத்திரி புது அளவுக்குத் தயார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மூஞ்சியைப் பார்த்தவள் ராமாத்தாள் ஒருத்திதான்.