ஒட்டுப் போட்ட விளக்கு

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார் தனசேகரன். அங்கே ஒரு பொருளை வாங்கிவிட்டு அதன் அர்த்தம் தெரியாமல் யாரும் பஸ் ஏறிவிட முடியாது. தூபக்காலுக்கு ஏன் மூன்று கால்? புருஷன், பெண்டாட்டி, மாமியார். ஒன்று ஆடினாலும் குடும்பம் ஆடும். கற்பூரத் தட்டின் கைப்பிடி பாம்பாக இருந்தால் ராகுவும் கேதுவும் வாசலோடு திரும்பிவிடும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், "பெரியவங்க சொன்னதுங்க" என்பார். அந்தப் பெரியவர் அவரேதான். வயது நாற்பத்தெட்டு.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் காமாட்சி விளக்குகள் விற்காமல் தேங்கிவிட்டன. விளக்கு உடைந்தால் ஒட்டுப் போட்டு மறுபடி ஏற்றுகிற ஜனங்கள். புதிது எப்படி விற்கும்? யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்ட வெளக்கு எரியற வூட்ல பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வராது" என்று எடுத்துவிட்டார். அவ்வளவுதான், பெண்ணைப் பெற்றவர்கள் வரிசை கட்டி வந்தார்கள்.

கடையோரம் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்த மனைவி அம்சவள்ளி, "அப்போ நம்ப வூட்டு வெளக்கு?" என்றாள். அவளுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த விளக்கு அது. கல்யாணமான புதிதில் தனசேகரன்தான் கைதவறிப் போட்டுத் தண்டை முறித்தார், பிறகு ஒட்டினார்கள்.

"யாவாரம் வேற, வூடு வேற. பூவக் கட்டு."

ஐந்து வருஷம் ஓடிற்று. மகள் கண்ணகிக்கு இருபத்தேழு வயது. மூன்று வரன்கள் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, போனவர்கள் போனவர்கள்தான். நாலாவதாக நைனார்பாளையத்திலிருந்து சின்னராசு வந்தான், பள்ளிக்கூட வாத்தியார். காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கண்ணகி சிரித்ததைப் பார்த்தார் தனசேகரன். இதுவும் நின்றுபோனால் பெண் தாங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பையனின் அம்மா ராஜாம்பாள் சாமி கும்பிட எழுந்து போனாள். மாடத்தில் எரிந்த விளக்கைக் குனிந்து பார்த்தாள். அது அணைந்துவிடாதபடி கையில் ஏந்தி, தண்டை ஒரு சுற்றுத் திருப்பினாள்.

"இன்னாண்ணே இது, ஒட்டுப் போட்ட வெளக்க ஏத்திக்கினு இருக்கீங்க? இந்த வூட்லயா பொண்ணு எடுக்கறது?"

தனசேகரன் பதறி எழுந்தார். கடை வைத்த நாளிலிருந்து சொல்லாத ஒன்றை, உண்மையை, சொன்னார்.

"அது நான் கட்டிவுட்ட கதைம்மா. வெளக்கு விக்கலன்னு நானா சொன்னது. அப்படி ஒரு சாஸ்திரமே கெடையாது. சத்தியமா."

"நல்லாருக்குதே! எங்கூரு பூசாரி சொல்றாரு, சின்னசேலம் ஜோசியரு சொல்றாரு, பத்திரிகைல கூடப் போட்டிருந்தான். எல்லாம் நீங்க கட்டிவுட்டதா? பொண்ணத் தள்ளிவுடறதுக்குச் சாஸ்திரத்தயே பொய்யின்றீங்க. நாளைக்கு இன்னா சொல்ல மாட்டீங்க?"

விளக்கை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற கண்ணகியின் முகத்தைத் தனசேகரனால் பார்க்க முடியவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று அவருக்கே அவமானமாக இருந்தது.

"அண்ணி, செத்த ஒக்காருங்க" என்றாள் அம்சவள்ளி. "இவருக்கு எல்லாமே அரகொறதான். ஈயம் வெச்சி ஒட்டுனாதான் ஆவாது. இது பித்தளையாலயே ஒட்டுனது. ரெண்டானத ஒண்ணாக்குன வெளக்கு, ரெண்டு குடும்பத்தயும் ஒண்ணாக்கும். எங்கம்மா வூட்ல, திருநாவலூர்ல, வேணும்னே ஒடச்சி ஒட்டித்தான் சீரு குடுப்பாங்க."

அவளுக்குக் கண் கூட இமைக்கவில்லை. ராஜாம்பாள் திரும்பி வந்து ஒட்டு இருந்த இடத்தைத் தடவினாள்.

"ஈயம் இல்லியே?"

"நீங்களே தொட்டுப் பாருங்க."

"அதான பாத்தேன்" என்று உட்கார்ந்தாள் ராஜாம்பாள். இன்னொரு காபி கேட்டாள். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நைனார்பாளையத்துப் பெண்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். தனசேகரன் பளபளவென்று ஒரு புது விளக்கைத் துடைத்து நீட்டினார்.

"இது வாணாங்க. பித்தளையால ஒட்டுனது இருக்குதா? ராஜாம்பா அக்கா சொல்லிச்சி."

அம்சவள்ளி பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "திங்கக்கெழம வாங்க, வந்துடும்" என்றாள்.

அவர்கள் போனதும் தனசேகரன் அலமாரியைப் பார்த்தார். அறுபது விளக்கு. ஒன்றில் கூட ஒரு கீறல் இல்லை.

"இன்னாடி பண்றது?"

"ஒங்களுக்குத்தான் கைதவறிப் போட நல்லா வருமே" என்றாள் அம்சவள்ளி. "ஆரம்பிங்க."