பால்சுறாவின் தொப்புள் கொடி

இருபத்திரண்டு வருடங்களாக மீனைப் பற்றிப் பேசியே வயிறு வளர்த்தவன் நான். இன்றுவரை ஒரு மீனையும் கையால் தொட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. முன்பு பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சுத்த சைவம். பல்கலைக்கழகத்தில் சுறாவை வெட்டிப் பார்க்கும் செய்முறை நாளன்று என் பங்கையும் நண்பன் ஒருவனே வெட்டினான். நான் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்டி நின்று படம் கீறினேன். நல்ல படம். வெட்டியவனைவிடக் கீறியவனுக்குத்தான் கூடப் புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளியையும் பட்டத்தையும் காவிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உயர்தர உயிரியலுக்கு ரியூசன் வகுப்புத் தொடங்கினேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் மண்டபம். இருநூறு பிள்ளைகள், ஒரு மைக். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். நான் சொல்வதை அச்சடித்து வாராவாரம் கொடுப்போம். அதற்கு ரியூட் என்று பெயர். பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டாலும் போடுவார்கள், ரியூட்டை விடமாட்டார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சோதனைக்குப் போனவர்களும் உண்டு. அதைக் கேள்விப்பட்டு நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

முள்ளந்தண்டு விலங்குகளின் கூர்ப்பு, அதாவது பரிணாமம்தான் நான் வெளுத்து வாங்குகிற பாடம். அன்று மட்டும் வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து பின்னால் நிற்பார்கள். ஆதியில் மீனுக்குத் தாடையே கிடையாது என்று தொடங்குவேன். வாய் வெறும் ஓட்டை. கடிக்கத் தெரியாமல் சேற்றை உறிஞ்சிக்கொண்டு திரிந்த சீவன்கள். பிறகு மீன் மூச்சுவிடும் பூ இருக்கிறதே, அதைத் தாங்கிய வில்லுகளில் ஒன்று கொஞ்சங் கொஞ்சமாக முன்னுக்கு வந்து தாடையானது. தலையிலும் நெஞ்சிலும் எலும்புக் கவசம் மாட்டிய பெரிய மீன்கள் வந்தன. "நீங்கள் ரோல்ஸ் கடிக்கிற இந்தத் தாடை மீனிட்ட இருந்து வந்தது, மறந்திடாதேங்கோ" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டிக் காட்டுவேன். மண்டபம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தப் பாடத்தின் ரியூட்டில், கடைசிப் பக்கத்தில், நட்சத்திரக் குறி போட்ட வரி ஒன்று இருந்தது: தொப்புள் நாண் பாலூட்டிகளில் மட்டுமே உண்டு. அது எனக்குப் படிப்பித்த ஒருவரின் குறிப்பிலிருந்து வந்தது. அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்டதில்லை. மைக்கில் அதை இரண்டு தரம் சொல்லி, அடிக்கோடு போடச் சொல்வேன்.

ஒரு வருடம், அடிக்கோடு போடச் சொன்ன நேரத்தில் பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்று எனக்குத் தெரியும். அதிகம் வாய் திறக்காதவள்.

"சேர், சுறாக் குட்டிக்கும் தொப்புள் கொடி இருக்கு" என்றாள்.

"அது குடல், பிள்ளை."

"குடல் இல்ல சேர். நான் வெட்டியிருக்கேன். நெஞ்சுல, ரெண்டு செட்டைக்கும் நடுவுல இருந்து வரும். மத்தப் பக்கம் தாயோட ஒட்டியிருக்கும். பால்சுறாவுல நல்லாத் தெரியும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பொறும், தேடிப் பார்த்துச் சொல்லுறன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? சொல்லவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "மீன் சந்தையில விலங்கியல் படிச்ச ஆள் ஒராள் எங்களுக்குள்ள இருக்கிறா. இனி நான் வீட்டை போகலாம்" என்றேன். மண்டபம் அதிரச் சிரித்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் விளையாட்டாக மூக்கைப் பிடித்தார்கள். அதையும் நான் பார்த்தேன், தடுக்கவில்லை.

ஒரு டொக்டரின் மகள் எழும்பி அதையே சொல்லியிருந்தால் நான் அப்படிக் கதைத்திருக்க மாட்டேன். இது வயது போனபிறகு வந்த ஞானமல்ல. மைக்கைக் கீழே வைத்தபோதே எனக்குத் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து, கோயிலுக்குப் போக வேட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்ப் படியில் அவள் நின்றாள். கையில் ஐஸ்கிறீம் பெட்டி, மேலே பொலித்தீன் பை சுற்றியிருந்தது. ஐஸ் உருகி அவளுடைய வெள்ளைச் சீருடையில் வழிந்திருந்தது.

"சேர், காலையில கிடைச்சது. கொடி அறாம எடுத்தோம். ஒருக்கா பாருங்க சேர்."

மணம் வந்தது. நான் இரண்டு படி மேலே ஏறிவிட்டேன். "கிட்டக் கொண்டு வராதையும். நான் கோயிலுக்குப் போறன், தெரியுதல்லோ?"

"தொட வேணாம் சேர். நானே திறந்து காட்டுறேன்."

"ஒண்டும் திறக்க வேண்டாம். மண்டபம் மணக்கப்போகுது. ரியூட்டில இருக்கிறதை எழுதும், புள்ளி வரும். மற்றதெல்லாம் வீட்டில வைச்சிட்டு வாரும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி சேர்" என்றாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்து போனாள். நான் சாமி கும்பிடப் போனேன்.

மாதிரிச் சோதனையில் வேண்டுமென்றே தொப்புள் நாண் பற்றிக் கேள்வி ஒன்றைப் போட்டேன். அவள் என் வரியை அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் சரி போட்டு, பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதினேன். எனக்கு அது வெற்றி. ஒரு பிள்ளையைத் திருத்திவிட்டேன் அல்லவா!

பிறகு அவள் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகம் போனாள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். நட்சத்திரக் குறி வரி மட்டும் வருடாவருடம் அப்படியே அச்சானது.

போன வருடம் சித்திரை விடுமுறையில், வகுப்புக்குப் புதிய படங்கள் தேடிக் கணினிக்கு முன்னால் இருந்தேன். கவசமீன் ஒன்றின் உயிர்ச்சுவடு கண்ணில் பட்டது. நான் மேடையில் ஆடிப்பாடிப் படிப்பிக்கிற அதே தாடை வந்த காலத்து மீன் இனம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் செத்துக் கல்லாகிப்போனது. அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி. குட்டியோடு சேர்ந்து, கல்லிலே பதிந்து, ஒரு கொடி. தொப்புள் கொடி. பாலூட்டி என்று ஒரு சாதி உலகத்துக்கு வர எத்தனையோ காலம் இருக்கும்போதே மீன்களில் ஒரு தாய் பிள்ளைக்குக் கொடி கொடுத்திருக்கிறாள்.

இன்றைக்கு இருக்கிற சுறாக்களைப் பற்றித் தேடினேன். சில இனங்களில் குட்டி தாயின் கருப்பையோடு கொடியால் ஒட்டியிருக்கும். பிறந்தபிறகு இரு நெஞ்சுச் செட்டைக்கும் நடுவில் தழும்பு சிறிது காலம் தெரியும் என்று இருந்தது. அந்த இனங்களின் பட்டியலில் பால்சுறாவும் இருந்தது. அவள் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. இதெல்லாம் யாரோ நேற்றுக் கண்டுபிடித்த புதினமும் அல்ல. எத்தனையோ காலமாகப் புத்தகங்களில் கிடந்திருக்கிறது. கத்தி பிடித்தவர்களுக்குப் புத்தகமும் தேவைப்பட்டிருக்காது.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இருந்தும் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

நான் செய்த திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ரியூட்டில் 'மட்டுமே' என்ற சொல்லை எடுத்தேன். 'தொப்புள் நாண் பாலூட்டிகளில் உண்டு.' பிழையில்லாத வசனம். பிள்ளைகள் ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயர் பதிந்த பழைய இடாப்பு அலுமாரியில் இருந்தது, அதில் அவளுடைய வீட்டுத் தொலைபேசி இலக்கமும் இருந்தது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு இதையெல்லாம் கிளறி என்ன செய்ய, அவளே மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இடாப்பை மூடினேன்.

இந்த வருடம் அவளாகவே அழைத்தாள். முகத்துவாரத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியையாக இருக்கிறாளாம். விஞ்ஞான தினத்துக்கு நான்தான் பிரதம விருந்தினராக வரவேண்டுமாம். "நீங்க வந்தா எங்க பிள்ளைகளுக்கு ஒரு பெருமை சேர்" என்றாள். வர ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஓம் என்று சொன்னேன். நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பாதி. பிரதம விருந்தினர் என்ற சொல்லின் இனிப்பு மற்றப் பாதி.

வாசலில் பாண்ட் வாசித்தார்கள். மாலை போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினேன். அவள் மேடையில் நின்று, "எனக்கு விஞ்ஞானமா யோசிக்கச் சொல்லித் தந்தவர் இவர்தான்" என்று பிள்ளைகளிடம் என்னைக் காட்டினாள். கைதட்டினார்கள். என் முறை வந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது. மீனின் தாடைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு இறங்கினேன்.

பிறகு கண்காட்சி அறைக்குக் கூட்டிப் போனாள். பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீன்களின் கூர்ப்பு என்று சுவர் நீளத்துக்குப் படம் கீறி ஒட்டியிருந்தார்கள். தாடையற்ற மீனிலிருந்து தொடங்கி மனிதன்வரை வந்தது. கடைசித் தாளில், ஒரு சிறு பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில், நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருந்தது: தொப்புள் நாண் பாலூட்டிகளில் மட்டுமே உண்டு.

பிள்ளைகள் அடுத்த மேசைக்குப் போகும்வரை நின்றேன்.

"பிள்ளை, இது பிழை" என்றேன். "நீங்கள் அண்டைக்குச் சொன்னதுதான் சரி. பால்சுறாவுக்கு இருக்கு. நான்தான் பிழையாப் படிப்பிச்சனான். என்னை மன்னிக்கவேணும்."

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பெட்டியை ஐஸ் போட்டுக் கட்டித் தந்தது அப்பா சேர்" என்றாள். "உங்க சேர் பார்த்தாச் சந்தோஷப்படுவார்னு சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து நான் அவரைத்தான் ஏசினேன். படிச்சவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும், இது குடல், இனி என் படிப்பு விஷயத்துல வாய் திறக்காதீங்கன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"கோவிக்கல. கொஞ்ச நேரம் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு இருந்தார். இத்தனை வருஷமா நான் பிழையாத்தான் பார்த்திருக்கேன் போல மகள்னு சொன்னார். அதுக்கப்புறம் சுறா வெட்டுற நேரம் என்னைக் கூப்பிட்டதே இல்ல."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அப்பாவைப் பார்க்கவேண்டும், அவரிடம் நானே வந்து சொல்லவேண்டும், இப்போதே போவோம் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது எப்ப தெரியவந்தது சேர்?"

பொய் சொல்லியிருக்கலாம். போன கிழமை என்று சொல்லியிருக்கலாம்.

"போன வருசம். சித்திரை விடுமுறைக்கு."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை.

"அப்பா போன டிசம்பர், நத்தார் வரைக்கும் உயிரோட இருந்தாரு சேர்" என்றாள்.