பார் கவுண்டருக்கு இந்தப் பக்கம்

காக்டெயில் கலக்குகிறவள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, முகத்தில் காட்டாமல் கோபப்படுவது. தி.நகரில் ஒரு ஓட்டல் பாரில் பல வருடம் அதைத்தான் செய்தேன். வங்கி, மருந்துக்கடை, ரயில் டிக்கெட் என்று எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நீங்கள் நின்றாலும் சரி, நீங்கள் என் இனம். வாருங்கள், சேர்ந்து பல்லைக் கடிக்கலாம்.

படத்துக்கு ஒரு கிளாஸ்

பழைய காக்டெயில் புத்தகங்கள் சேர்க்கும் மனிதர் ஒருவர் வருவார். அடையாறில் வீடு, ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி. ஒருநாள், அட்டை பிய்ந்த வெள்ளைக்காரர் காலத்துப் புத்தகம் ஒன்றை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார். ஒரு பக்கத்தைக் காட்டி, "அப்படியே இதைப் பண்ணணும்" என்றார். அதில் சொல்லியிருந்த கசப்பு மது நம் ஊருக்கு வருவதே இல்லை. அரசாங்கக் கிடங்கில் இருப்பதைத்தான் நாங்கள் வாங்க முடியும். விளக்கிச் சொன்னேன். "எப்படியாவது பண்ணுங்க மேடம்" என்றார்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. நார்த்தங்காய்த் தோலையும் நன்னாரி வேரையும் ஜின்னில் ஊறப்போட்டு, ருசி பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். அவர் அடுத்த முறை வந்ததும் கிளாஸைக் குளிரவைத்து, கலக்கி ஊற்றி நீட்டினேன். புத்தகத்தைத் திறந்து கிளாஸ் பக்கத்தில் வைத்தார். விளக்கை நகர்த்தச் சொன்னார். விதவிதமாகப் படம் எடுத்தார். உதட்டில்கூட வைக்கவில்லை. "குடிச்சுப் பாருங்க சார்" என்றேன். கிளாஸை ஓரமாகத் தள்ளினார்.

"இது போட்டோவுக்கு மேடம். குடிக்கறதுக்கு ஒரு பீர் குடுங்க."

மண்டபத்துக்கு வந்து போன சட்டம்

கல்யாண மண்டபங்களில் அனுமதி வாங்கி மது பரிமாறலாம் என்று ஒருநாள் செய்தி வந்தது. அன்று காலையே வடபழனியிலிருந்து ஒருவர் போன் செய்தார். எங்கள் பாருக்கு வழக்கமாக வருகிறவர், சினிமாவுக்கு செட் போடுகிறவர்; அக்கா மகளுக்குக் கல்யாணம். "ரிசப்ஷனுக்கு நீதான்மா வந்து கலக்கணும்" என்றார். சந்தோஷமாகச் சரி என்றேன்.

ஊரே கத்தியதில், மண்டபங்களுக்குக் கிடையாது என்று விதியைத் திருத்திவிட்டார்கள். போனில் சொன்னதும் மனிதர் மத்தியானமே பாருக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டாராம், மானம் போகிறதாம். சட்டம் எழுதியதே நான்தான் என்பது போல முறைத்தார். செய்தியை எடுத்துப் படித்துக் காட்டினேன்.

"கவர்மெண்ட்டு மாத்துனா மாத்திக்கினு போவட்டும். நீ இன்னாத்துக்குப் பேச்சு மாறுற?"

அப்பா சொன்னால் போதுமாம்

என்னை அந்த வேலையை விட்டே கிளப்பியது இதுதான். ஒருநாள் பார் திறந்ததும் மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவர் மகனோடு வந்து உட்கார்ந்தார். வாரம் தவறாமல் வருகிறவர். மகன் காலேஜில் சேர்ந்ததைக் கொண்டாட வேண்டுமாம். "எனக்கு ஒண்ணு, இவனுக்கு ஒரு விஸ்கி சவர்" என்றார். பையனிடம் வயதைக் கேட்டேன். பதினெட்டு. "இருபத்தொண்ணு ஆகாம குடுக்க முடியாது சார், என் மேல கேஸ் வரும்" என்றேன். "வேணாம்ப்பா, போலாம்" என்றான் பையன், தலையைத் தூக்காமல்.

மேனேஜர் ஓடிவந்தார். வந்தவர் என் காதருகே, "நீ உள்ள போய் ஐஸ் எடுத்துட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஐஸ் பெட்டி என் காலடியில் நிறைந்து கிடந்தது. நான் நகரவில்லை. காக்டெயில் குலுக்கும் ஷேக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஆடிட்டர் பாருக்கே கேட்கும்படி கத்தினார்.

"பெத்த அப்பன் நான் குடுக்கச் சொல்றேன், நடுவுல நீ யாரும்மா?"

புது முதலாளி

மறுநாள் என்னை ஜூஸ் கவுண்டருக்கு மாற்றினார்கள். எனக்கு அனுசரித்துப் போகத் தெரியவில்லையாம். தர்பூசணி பிழிவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் சட்டப்படி நடந்ததற்குத் தண்டனையாக நான் ஏன் பிழிய வேண்டும்? ராஜினாமா கொடுத்துவிட்டு, என் சொந்த ஷேக்கரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை ஒரே வேகம். அங்கே போய்த்தான் அழுகை வந்தது.

திருவான்மியூரில் ஒரு ஓட்டல் பாருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி நடந்ததை முழுக்கக் கேட்டார். மேஜையைத் தட்டி, சபாஷ் என்றார். இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி அப்போதே சேர்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவு வரை போனவளைக் கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. என் பையன் ஃபிரெண்ட்ஸோட வந்தா மட்டும், வயசு கியசுன்னு கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

அந்த முதலாளி பையனிடமும் வயதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். போதையில் திட்டுகிறவர்களை நான் மறுநாளே மறந்துவிடுவேன், ஆனால் மேலே எழுதிய பேச்செல்லாம் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் வந்தவை.