அது என் மகள் எழுத்து

உங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு பெட்டி இருக்கும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சுவரில் அடித்து, பூட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். மனதில் உள்ளதை எழுதிப் போடுங்கள், பேர் போட வேண்டாம் என்று பிரேயரில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை. பெரிய ஐஸ் கட்டிகளை மெஷினில் தள்ளி உடைத்துப் படகுகளுக்கு ஏற்றிவிடுவோம். என் மகள் அப்போது எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுத்த அன்று படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தன. கூட்டத்தில் இருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். "நீங்க கரையில இருக்கிற ஆளு, கூப்பிட்டா வருவீங்க" என்று பெரிய டீச்சர் என் பேரையும் எழுதிக்கொண்டார். பெரிய டீச்சர் என்று ஊரில் சொல்வது தலைமையாசிரியையை.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும். குழுவில் இல்லாத பெற்றோரும் வந்து பேசலாம். வந்தவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அங்கேதான் முதலில் கேட்டேன். ஆளுக்கு ஒன்று நினைத்தார்கள்.

"இங்கிலீசு வரலைங்க டீச்சர். எங்க அண்ணன் மகன் பிரைவேட்டுல படிக்கிறான், சினிமா பாத்தே பேசுறான்."

"அப்ப நீயும் சினிமாவுக்கே அனுப்பு. எதுக்கு இங்கிட்டு அனுப்புற?" இது பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா.

"கணக்கு சார் அடிக்கவே மாட்டேங்கிறாரு. அப்பறம் எப்புடிப் பயம் இருக்கும்?"

"பாஸ் பண்ணி விட்டுருங்க டீச்சர், அது போதும். மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

பெரியவர்கள் பேசி முடித்த பிறகு பெட்டியைத் திறப்பார்கள். பெரிய டீச்சர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். முட்டையை உரிக்காமல் கொடுங்கள், உரித்தால் சின்னதாகிவிடுகிறது என்று ஒரு சீட்டு. பி.டி. பீரியடில் கணக்கு நடத்தாதீர்கள், வேண்டுமானால் கணக்கு பீரியடில் பி.டி. நடத்துங்கள் என்று இன்னொன்று. நாங்கள் சிரிப்போம். நல்ல பிள்ளைகள், நல்ல பள்ளிக்கூடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று படகுகள் கரையில் இருந்ததால் ஆண்களும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விசைப்படகு டிரைவர். அவர் மகளும் என் மகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். நர்ஸுக்குப் படிக்க வைக்கப் போகிறேன் என்று அந்த மனிதர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பெட்டியில் அன்று நீளமான சீட்டு ஒன்று இருந்தது. பெரிய டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு நினைவிருக்கிற அளவில் சொல்கிறேன்.

"பெண்கள் கழிவறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி பழைய பிளக்ஸ் பேனரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம். காற்றடித்தால் அதுவும் நிற்பதில்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மாதத்தில் மூன்று நாள் நாங்கள் லீவு போடுவது காய்ச்சலால் இல்லை. போன வாரம் என் பக்கத்தில் உட்காருகிறவள் பிரேயரில் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடவில்லை என்று டீச்சரிடம் பொய் சொன்னாள். அவள் வீட்டுக்கு இது தெரியாது."

பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம் என்று பெரிய டீச்சர் பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். வாசித்து முடித்துவிட்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று சீட்டைப் பெஞ்சு வழியே அனுப்பினார். அது என் கைக்கு வந்தது. இடது பக்கம் சிவப்பு மையில் மார்ஜின் கோடு போட்டிருந்தது. துண்டுத் தாள் என்றாலும் கோடு போடாமல் எழுதாத பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குண்டு குண்டாக, ஒன்றை ஒன்று தொடாத எழுத்து.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் அடுத்தவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். என் பிள்ளை இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டாளே என்ற பெருமை என்னை முந்திக்கொண்டது.

"இது எம் மக எழுத்துங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்க மக பக்கத்துல உக்காருறது எம் மகதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சொல்லுங்கண்ணே. மயங்கி விழுந்ததா வாசிச்சாகளே, அது யாரு? மூணு நாளு லீவு போடுறதுன்னு வாசிச்சாகளே, அது யாரு?"

"உக்காருங்க, பேசுவோம்" என்றார் பெரிய டீச்சர்.

பின்னால் ஒரு குரல் சிரித்தது. "வயசுக்கு வந்த புள்ளைக சமாச்சாரத்தை ஆம்பளைக மத்தியில வாசிக்கிறாக. நல்லாருக்குப்பா பள்ளிக்கொடம்!"

டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார். கதவு கேட்டு மேலிடத்துக்கு எழுதுவது என்று தீர்மானம் போட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. மகள் அடுப்படி வாசலில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்ப்பா சொன்னீங்க?"

"நல்லா எழுதியிருந்தியேத்தா. அதான் வாய் தவறி..."

"நான்னு தெரியணும்னா பேரு போட்டிருக்க மாட்டேனா? அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு எழுதுனேன்ப்பா, யாருக்கும் தெரியாதுன்னு."

என் மனைவி என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு ஐஸை ஒடைக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை டிரைவர் மகள் பள்ளிக்கூடம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. படகு கரையில் இருந்த ஞாயிற்றுக்கிழமை நான் டிரைவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவார் என்று நினைத்துப் போனேன். சண்டை போட்டாலும் பரவாயில்லை என்றிருந்தேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"தப்பு என்னோடதுங்க. அதுக்காக அந்தப் புள்ள படிப்பை நிறுத்திராதீங்க. இன்னும் ரெண்டு மாசந்தானே, பரீட்சை வந்துரும்."

"கோவம் இல்லண்ணே. போன வருசம் எல்லை தாண்டிட்டேன்னு கடல்ல என்னைப் புடிச்சுட்டுப் போயி அங்கிட்டு ஜெயில்ல வச்சிருந்தாக. வீட்டுல அரிசி இல்லாம இருந்ததை இவ எனக்குச் சொல்லவே இல்ல. இப்ப மயங்கி விழுந்ததையும் சொல்லல. மறுபடியும் என்னைப் புடிச்சா இவளை யாரு பாப்பா? அவுக சித்தி வெளியூரு நூல் மில்லுல வேலை பாக்குது. அங்கிட்டு அனுப்புறேன்."

"பதினஞ்சு வயசுங்க."

"ஹாஸ்டல்லயே தங்கிக்கலாம்" என்றார். "கக்கூசுக்குக் கதவு இருக்காம்."

அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய டீச்சரும் இரண்டு தடவை போய்ப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை. பெரிய டீச்சர் கையை விட்டு மூலையெல்லாம் துழாவிப் பார்த்தார். முட்டையைப் பற்றிக்கூட யாரும் எழுதவில்லை. பேர் போடாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிய வைத்தவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. பள்ளிப் பட்டியலில் பேரை நீக்காமல் விட்டிருந்ததால் அந்தப் பெண்ணுக்கும் வந்திருந்தது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"நீங்க ஒரு தடவை குடுத்துப் பாருங்க. பரீட்சை எழுத மட்டும் வந்தாக்கூடப் போதும். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். டிரைவர் கடலில் இருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ போயி இருவது நாளாச்சுண்ணே" என்றார்.

"ஒரு போன் போட்டு வரச்சொல்லுங்களேன். பத்து நாளு லீவு குடுக்க மாட்டாங்களா?"

"சேந்து மூணு மாசத்துக்கு லீவு கெடையாதாம்."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹால் டிக்கெட்டை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மூலையில் இருந்த போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நல்லாருக்கா. இதை நான் வச்சுக்கிரலாமாண்ணே, இல்ல திருப்பிக் குடுக்கணுமா?"

"வச்சுக்கங்க" என்றேன்.

என் மகள் பரீட்சை எழுதினாள். பாஸானாள். இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு பஸ்ஸில் போகிறாள். என்னிடம் கோபமாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். ஒரு நாள் நானாக, "அந்தப் புள்ளைக்கு ஒரு லெட்டர் எழுதேத்தா. நான் போஸ்ட் பண்ணிவிடுறேன்" என்றேன்.

"வேணாம்ப்பா" என்றாள். "அங்க வர்ற லெட்டரை யாராச்சும் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்களாம்."