ராணி இருந்த தீவில் ஒரு மனை

போன சனிக்கிழமை டெக்ஸஸ் ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சின்ன பார்ட்டி. நண்பர் முரளி வழக்கம்போல கிரீன் கார்டு புலம்பலை ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர், புலம்பினாலும் மரியாதையாகத்தான் புலம்புவார்.

"ஏனுங்க, இந்த கியூ மூவ் ஆகறதுக்குள்ள எம் பையன் ரிட்டயர் ஆயிடுவானுங்க."

எல்லோரும் சிரித்தோம். பக்கத்து வீட்டு கலானிக்கு மட்டும் புரியவில்லை. ஹவாயில் பிறந்தவர், நர்ஸ். முரளி ஆங்கிலத்தில் விளக்கினார். அப்போதும் கலானி சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவும் ஒரு கியூல நின்னாங்க" என்றார். அவருடைய ஆங்கிலம், என் தமிழ்.

"நீங்க அமெரிக்கர்தானே... என்ன கியூ?"

"சொந்த ஊர்ல ஒரு மனைக்கு."

ஹவாய் என்றால் நமக்கு என்ன தெரியும்? பீச், ஹனிமூன், பூப்போட்ட சட்டை. அது ஒரு ராஜ்ஜியமாக இருந்ததையே, இத்தனை வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டிய எனக்கு கலானிதான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாக ஆண்டது ஒரு ராணி. அமெரிக்கப் படை கரையிறங்கிய தைரியத்தில், கரும்புத் தோட்ட முதலாளிகளும் கூட்டாளிகளும் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பிறகு அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் அடைத்தார்கள். கொஞ்ச நாள் குடியரசு என்றார்கள். அப்புறம் அமெரிக்காவோடு இணைப்பு. மக்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள் — யார் கேட்டார்கள்? கடைசியில் மாநிலம். அன்று ஊரே கொண்டாடியதாம். கலானியின் அம்மா அப்போது பள்ளி மாணவி; அவர் வீட்டில் யாரும் கதவைத் திறக்கவில்லையாம்.

இணைத்துக்கொண்ட வாஷிங்டன் ரொம்பக் காலம் கழித்து முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

"நிலம்?" என்றேன்.

"ஸாரி மட்டும்தான்."

பறிபோன நிலத்தில் ஒரு பகுதியைப் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஆனால், உடம்பில் பாதியாவது ஹவாய் ரத்தம் ஓட வேண்டும். அம்மா பெயரைப் பதிந்தபோது கலானி கைக்குழந்தை. தீவில் வாடகை கட்டுப்படியாகாமல் குடும்பம் அப்பாவின் ஊரான டெக்ஸஸுக்கே வந்துவிட்டது. அம்மா காத்திருந்தார். எண்பது வயதில் போன் வந்தது — மனை ரெடி, லோன் போட்டு வீடு கட்டிக்கொள்ளலாம்.

பென்ஷனை நம்பி யார் லோன் தருவார்கள்?

"அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்கன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. போனை வெச்சிட்டு, துணி மடிக்கப் போயிட்டாங்க."

"உங்க பேருக்கு மாத்தியிருக்கலாமே?" என்றார் முரளி.

"அப்பா வெள்ளைக்காரர். அம்மாவே முக்கால்தான் ஹவாய். எனக்குப் பாதி தேறாது."

முரளி தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஒரு ராஜ்ஜியத்தைப் பறிக்கச் சில நாட்கள் போதும். அதில் ஒரு மனையைத் திருப்பித் தர ஓர் ஆயுள் போதவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அம்மா இறந்துவிட்டார். அஸ்தியை ஹவாய்க் கடலில் கரைத்துவிட்டு வந்திருக்கிறார் கலானி.

"அங்க எங்க தங்கினீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஹோட்டல்லதான். உள்ள நுழைஞ்சதும் கழுத்துல பூமாலை போட்டு, ஹவாய்க்கு நல்வரவுன்னு சொன்னாங்க."