பிளிமத்துக்கு வந்த சாமான்

காரைக் கழுவுவது மீனாம்பிகை, ஓட்டுவது கணவர் சோமசேகரம். சனிக்கிழமைகளில் பழைய சாரத்துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி, மேற்கூரையில் தொடங்கிச் சில்லுவரை துடைப்பார் மீனாம்பிகை. கார் பழுதாகிக் கட்டைகளின்மேல் நின்ற முதல் பதினான்கு மாதமும் அப்படித்தான் கழுவினார்.

அது 1954ஆம் ஆண்டு அமெரிக்கப் பிளிமத். அச்சுவேலியில் ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்ததை வாங்கி, ஆறு வருடத்தில் ஓட வைத்தார் சோமசேகரம். யப்பான் டீசல் எஞ்சினைப் போடச் சொல்லாத மெக்கானிக் இல்லை. "அப்ப அது பிளிமத் இல்லை, பிளிமத்தின்ரை சட்டை போட்ட லொறி" என்பார். காரின் நீளத்துக்கு, ஒடுங்கிய ஒழுங்கையில் திருப்ப நாலு தரம் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். வல்வெட்டித்துறைப் பக்கம் கடற்கரையோடு போனால் கதைக்கவே மாட்டார், எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் பழுதாகித்தான் கார் நின்றது. கொழும்பிலும் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்த மீனாம்பிகையின் தம்பி அருட்செல்வன் தேடி வாங்கினார்.

"அத்தான், மார்கழியிலை வாறன். என்ரை உடுப்பை விட்டாலும் உங்கடை இரும்பை விடமாட்டன்" என்றார் ரெலிபோனில்.

கார்த்திகையில் அருட்செல்வனின் மகன் கஜானன் அழைத்தான். மீனாம்பிகை பக்கத்திலிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சோமசேகரம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, அப்பா மோசம் போயிட்டார். ஹார்ட் அற்றாக், உயிர் போட்டுது."

சோமசேகரத்தின் வாயிலிருந்து வந்தது:

"தம்பி, அந்தச் சிலிண்டரைப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டாரோ?"

"ஓம் மாமா... வைச்சிட்டார்."

ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மீனாம்பிகை மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தார். அழவில்லை. "சாப்பாடு போட்டிருக்கு", "மருந்து குடிச்சனீங்களோ", அவ்வளவுதான் பிறகு அவரோடு கதை. சனிக்கிழமைகளில் கார் தூசியோடு நின்றது.

தையில் கஜானன் வந்தான், கீரிமலைக் கடலில் அஸ்தி கரைக்க. ஒரே பெட்டிக்குள் அஸ்தியும், தகப்பன் போடும் சேட்டில் சுற்றிய சிலிண்டரும் வந்தன. பின்னேரமே சோமசேகரம் சிலிண்டரைக் காரில் பொருத்தினார். சந்தைவரை ஓட்டிப் பார்த்தார். நினைத்த இடத்தில் கார் நின்றது. சந்தோஷம் வரும் என்று ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்து பார்த்தார். வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மீனாம்பிகை அறைக்குள் தம்பியின் சேட்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறேக் எண்ணெய் ஊறிய இடத்தை உள்ளே வைத்து மடித்தார்.

"பிறேக் பிடிக்குது. நாளைக்குக் கீரிமலைக்குக் காரிலையே போவம்" என்றார் சோமசேகரம்.

"கஜானனை வாடகைக்கு வான் பேசச் சொல்லிட்டன்."

"உம்மடை தம்பி எனக்கெண்டு எவ்வளவு அலைஞ்சு வாங்கினது..."

"ஓம். அலைஞ்சவன்தான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சரும், அண்டைக்கு எனக்கு விறைச்சுப் போச்சு. என்ன கேக்கிறனெண்டு தெரியாமல் கேட்டிட்டன். நாளைக்கு என்னோடை வருவீரோ?"

மீனாம்பிகை சேட்டை அலுமாரிக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார். அவரைத் தாண்டி அறையை விட்டுப் போனார்.